ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் கண்ணு தெரியுது ஆனா பாக்க மாட்றாங்க, காது கேக்குது ஆனா புரியல: வீட்ல எப்படி கண்டுபிடிக்கிறது, எப்படி பாத்துக்கிறது

எங்க அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு கூட்டிட்டு வந்த மூணாவது நாள் மதியம், ஆசையா கேட்டார்னு இலை போட்டு சாப்பாடு வச்சோம். பாதி சாப்பிட்டுட்டு "உப்பும் வைக்கல, ஊறுகாயும் வைக்கல, என்ன பரிமாறுறீங்க"ன்னு கோவப்பட்டார். ரெண்டும் இலையோட இடது மூலையில வச்சது வச்சபடி இருந்துச்சு. சோத்துல கூட வலது பக்கம் மட்டும் காலி, நடுவுல யாரோ கோடு கிழிச்ச மாதிரி இடது பாதி கை படாம அப்படியே கிடந்துச்சு. அம்மா கண்ணு போயிடுச்சுன்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க. கண் டாக்டர்கிட்ட காட்டினோம், ரெண்டு கண்ணும் நல்லாருக்குன்னு சொல்லிட்டார்.

டிஸ்சார்ஜ் பண்ணும்போது பிபி மாத்திரை லிஸ்ட் குடுத்தாங்க, கை காலுக்கு பிசியோதெரபி சொன்னாங்க, இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. ஒன்றரை மாசம் கழிச்சு ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (சாப்பிடுறது, உடுத்துறது மாதிரி தினசரி வேலையை திரும்பப் பழக்கி விடுறவங்க) பாத்துட்டுத்தான் "இது கண்ணு பிரச்சினை இல்லம்மா, மூளை அந்தப் பக்கத்தை கணக்குலயே எடுத்துக்கல"ன்னு சொன்னாங்க. அந்த ஒன்றரை மாசமும் நாங்க அப்பாவை திட்டிக்கிட்டே இருந்தோம். அதை நினைச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

முதல்ல இது என்னன்னு ஒரு அஞ்சு நிமிஷம்

குக்கர் விசில் அடிக்குதுன்னு வச்சுக்கோங்க. சத்தம் காதுக்குள்ள போய் மூளையில கேக்குறதுக்குன்னு இருக்கிற ஒரு சின்ன இடத்துக்கு போகுது, அதோட வேலை அவ்ளோதான், சத்தம் வந்துச்சுன்னு சொல்றது. அது குக்கர் சத்தம், வாசல்ல விக்கிறவரோட சத்தம் இல்ல, இது மூணாவது விசில், போய் அடுப்பை அணைக்கணும், கையில இருக்கிற வேலையை கீழ வச்சுட்டு எழுந்திரிக்கணும், இதெல்லாம் சேர்த்து யோசிக்கிற இடம் வேற. அந்த "வேற இடம்" எல்லாத்துக்கும் சேர்த்து அசோசியேஷன் கார்டெக்ஸ்னு பேரு. மனுஷ மூளையோட மேல்தோல் சில மில்லிமீட்டர் கனம்தான், அதுல நேரடியா பாக்குறது, கேக்குறது, தொடுறது, கை காலை அசைக்கிறது எல்லாம் கொஞ்ச இடம்தான், மிச்சம் பெரும்பகுதி இந்த சேர்த்துப் பாக்குற வேலைக்குத்தான்.

இங்க அடிபட்டா என்ன ஆகும்னா, கண்ணு காது கை எல்லாம் டெஸ்ட்ல பாஸ் ஆகும், ஆனா ஆளு வேற மாதிரி நடந்துக்குவார். வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு அது பிடிவாதம் மாதிரி, சோம்பேறித்தனம் மாதிரி, சில சமயம் பைத்தியம் மாதிரி கூட தெரியும்.

வேற எதுவும் படிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. இதெல்லாம் திடீர்னு ஆரம்பிச்சா வீட்ல வச்சு டெஸ்ட் பண்ணிட்டு இருக்காதீங்க, உடனே 108க்கு போன் பண்ணுங்க. வாய் கோணுறது, கை தொங்குறது மட்டும்தான் ஸ்ட்ரோக்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். கை கால் நல்லா இருக்கும், ஆனா நல்லா பேசிட்டு இருந்தவர் திடீர்னு சம்பந்தமில்லாம பேசுவார், இல்லன்னா சொல்றது எதுவும் அவருக்குப் புரியாது, அதுவும் ஸ்ட்ரோக்கா இருக்கலாம். "அசதியா இருப்பார், தூங்கட்டும்"னு விட்டுடாதீங்க. ரத்தக்கட்டியை கரைக்கிற ஊசியை, அறிகுறி ஆரம்பிச்சதுல இருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதுக்குள்ளயும் எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. கடைசியா அவர் நல்லா இருந்து நீங்க பாத்த நேரம் எதுன்னு குறிச்சு வச்சுக்கோங்க, டாக்டர் முதல்ல கேக்குறது அதைத்தான். கீழ சொல்றது எல்லாம் ஆஸ்பத்திரி முடிச்சு வீட்டுக்கு வந்தவங்களுக்கு.

ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து வைங்க

ரிப்போர்ட்ல எந்தப் பக்கம், எந்த லோப்னு (மூளையோட எந்தப் பகுதின்னு) இருக்கும். எங்க அப்பாவோடதுல "ரைட் எம்சிஏ டெரிட்டரி இன்ஃபார்க்ட், பரைட்டல் லோப்"னு இருந்துச்சு, அதாவது வலது பக்க மூளைக்குப் போற ஒரு பெரிய ரத்தக்குழாய் அடைச்சு, மேல் பின்பக்கப் பகுதி செத்திருக்குன்னு அர்த்தம். அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம்னு அன்னிக்கே யாராவது சொல்லியிருந்தா போதும். மோட்டாவா இப்படி வச்சுக்கோங்க: வலது பரைட்டல்னா இடது பக்கத்தை மறக்குறது, இடது மூளைன்னா பேச்சும் பழகின வேலையும், டெம்போரல் லோப்போட (காதுப் பக்கம் இருக்கிற பகுதி) அடிப்பக்கம்னா முகத்தையும் பொருளையும் அடையாளம் தெரியாம போறது, ஃப்ரன்டல்னா (நெத்திப் பக்கம்) குணமும் திட்டமிடலும். ஒருத்தருக்கு ரெண்டு மூணு கலந்தும் வரும், ஏன்னா ஸ்ட்ரோக் லோப் எல்லைக்குள்ள மட்டும் நிக்காது.

இடது பக்கமே இல்லாம போறது

இதுக்கு நெக்லெக்ட்னு பேரு. ஏன் இடது பக்கமே பெரும்பாலும் வருதுன்னா, மூளையோட வலது பாதி ரெண்டு பக்கத்தையும் கவனிக்குது, இடது பாதி வலது பக்கத்தை மட்டும்தான் கவனிக்குது. அதனால இடது மூளையில அடிபட்டாலும் வலது மூளை ஓரளவு சமாளிச்சுக்கும், வலது மூளையில அடிபட்டா இடது பக்கத்தை பாக்குறதுக்கு ஆள் இல்ல.

வீட்ல எப்படி பாக்குறதுன்னா, ஒரு ஏ4 பேப்பர்ல அங்கங்க சின்னச் சின்னதா இருபது கோடு போடுங்க, இடது பக்கமும் வலது பக்கமும் சமமா இருக்கணும். பேப்பரை அவருக்கு நேர் முன்னாடி நடுவுல வச்சு, பேனா குடுத்து, எல்லாக் கோட்டையும் குறுக்க அடிங்கன்னு சொல்லுங்க. நேரம் குடுங்க, அவசரப்படுத்தாதீங்க. எங்க அப்பா எட்டு அடிச்சுட்டு பேனாவை வச்சுட்டு "முடிச்சுட்டேன்"னார், எட்டும் வலது பக்கம். இன்னொண்ணு, ஒரு நீளக் கோடு போட்டு நடுவுல புள்ளி வைக்கச் சொல்லுங்க, நெக்லெக்ட் இருந்தா புள்ளி வலது பக்கம் நல்லா தள்ளி விழும். கடிகாரம் வரையச் சொன்னா பன்னெண்டு நம்பரையும் வலது பாதியிலயே நெருக்கி எழுதிடுவாங்க, இல்லன்னா ஆறோட நிறுத்திடுவாங்க.

தமிழ் பேப்பர் படிக்கச் சொல்லிப் பாருங்க, இது ரொம்ப தெளிவா காட்டும். தலைப்பை பாதியில இருந்து படிப்பாங்க. சில பேருக்கு ஒரு வார்த்தைக்குள்ளயே இடது பக்கம் காணாம போகும், "தலைவலி"ய "வலி"ன்னு படிப்பாங்க, "மழைக்காலம்"னா "காலம்". அர்த்தம் வரலன்னு பேப்பரையே தூக்கிப் போட்டுடுவாங்க. அப்பா நாப்பது வருஷமா தினம் பேப்பர் படிச்சவர், வந்து ஒரு வாரத்துல "இப்பல்லாம் என்ன கண்றாவியா எழுதறாங்க"ன்னு நிறுத்திட்டார். அப்ப எங்களுக்கு ஒண்ணும் தோணல.

இது பார்வைக் குறைபாடான்னு பிரிச்சுப் பாக்க ஒரு வழி இருக்கு. எதிர்ல உக்காந்து உங்க மூக்கையே பாக்கச் சொல்லுங்க, உங்க ரெண்டு கையையும் ரெண்டு பக்கமா விரிச்சு வச்சுட்டு, ஒரு பக்க விரலை மட்டும் ஆட்டி எது ஆடுதுன்னு கேளுங்க. தனியா ஆட்டும்போது அவரோட இடது பக்கமும் தெரியுதுன்னு சொல்றார், ரெண்டையும் ஒண்ணா ஆட்டினா வலது மட்டும்தான் ஆடுதுங்கறார்னா, கண்ணுல வந்தது கவனத்துக்கு வரலன்னு அர்த்தம். பார்வை மட்டும் பாதி போனவங்களுக்கு போனது தெரியும், தலையைத் திருப்பித் திருப்பி பாத்துக்குவாங்க. நெக்லெக்ட் இருக்கறவங்களுக்கு ஒண்ணு குறையுதுன்னே தெரியாது. ரெண்டும் சேர்ந்தும் வரும், அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

1978ல எடோர்டோ பிசியாக், கிளாடியோ லுசாட்டின்னு ரெண்டு இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் மிலான் நகரத்துல ஒண்ணு செஞ்சு பாத்தாங்க. நெக்லெக்ட் இருக்கிற ரெண்டு பேர்கிட்ட, அந்த ஊர் பெரிய சர்ச்சுக்கு முன்னாடி இருக்கிற சதுக்கத்தை மனசுல நினைச்சு சொல்லச் சொன்னாங்க. சர்ச்சைப் பாத்து நிக்கிற மாதிரி நினைச்சப்போ வலது பக்கக் கட்டடங்களை சொன்னாங்க, இடது பக்கத்தை பெருசா சொல்லல. இப்ப சர்ச் படியில நின்னு எதிர்ப்பக்கம் பாக்கிற மாதிரி நினைங்கன்னதும், முன்னாடி விட்டதை எல்லாம் சொன்னாங்க, முன்னாடி சொன்னதை விட்டுட்டாங்க. ஞாபகம் எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு, நினைப்புல கூட இடது பக்கம் மட்டும் திறக்கல. இதைப் படிச்சுட்டு அப்பாகிட்ட எங்க கடைத்தெருவை கேட்டேன். பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து வர மாதிரி சொல்லுங்கன்னா மளிகைக்கடை, சலூன், மருந்துக்கடை, எல்லாம் வலது சாரி. வீட்ல இருந்து போற மாதிரின்னதும் டெய்லர் கடையும் டீக்கடையும் வந்துச்சு. எனக்கு கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. "கொஞ்சம் திரும்பிப் பாக்கக் கூடாதா"ன்னு அவரை நான் கேட்டது எவ்ளோ அபத்தம்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது, எந்தப் பக்கம் திரும்பணும்னு அவருக்கு தெரிஞ்சாத்தானே.

சரி, பாத்துக்கிறது எப்படி. முதல்ல ஆபத்தை எடுங்க: சூடான காபி, சுடுதண்ணி, விளக்கு எதுவும் அவரோட இடது பக்கம் வைக்காதீங்க. படுக்கும்போது இடது கை உடம்புக்கு அடியில மாட்டியிருக்கான்னு பாருங்க, வீல்சேர்ல கை தொங்கி சக்கரத்துல சிக்கும், அவர் சொல்ல மாட்டார், ஏன்னா அந்தக் கை அவர் கணக்குல இல்ல. நடக்கும்போது இடது தோள் கதவு நிலையில இடிக்கும், நீங்க இடது பக்கமா நடங்க.

அப்புறம் பயிற்சி. எங்களுக்கு நல்லா வேலை செஞ்சது சிவப்பு டேப்தான். சாப்பாட்டுத் தட்டோட இடது விளிம்புல, பேப்பரோட இடது ஓரத்துல, மேசையோட இடது முனையில சிவப்பு டேப் ஒட்டிட்டு, "சிவப்பு தெரியுற வரைக்கும் தலையைத் திருப்புங்கப்பா, அங்க இருந்து ஆரம்பிங்க"ன்னு ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியத்தை சொன்னோம். "இடது பக்கம் பாருங்க"ன்னு சொல்றது உதவல, தேடுறதுக்கு ஒரு பொருள் வேணும். ரெண்டு மாசத்துல நாங்க சொல்லாமலே "சிவப்பு எங்க"ன்னு அவரே முணுமுணுக்க ஆரம்பிச்சார். இடது கை கொஞ்சமாவது அசையும்னா பயிற்சிக்கு முன்னாடி அந்தக் கையை மேசை மேல இடது பக்கமா வச்சு விரலை அசைக்கச் சொல்லுங்க, அது கவனத்தை அந்தப் பக்கம் இழுக்கும்.

தட்டைத் திருப்பி வைக்கலாமேன்னு எல்லாரும் கேப்பாங்க. பசியோட இருக்கும்போது திருப்பி வைங்க, தப்பில்ல, சாப்பாடு முக்கியம். ஆனா எல்லா வேளையும் திருப்பினா அவர் தலை திரும்பாது. பேசுறதும் அப்படித்தான், முக்கியமான விஷயம்னா வலது பக்கமோ நேரயோ நின்னு சொல்லுங்க, சும்மா அரட்டைன்னா கொஞ்சம் கொஞ்சமா இடது பக்கம் நகர்ந்து போய் கூப்பிடுங்க. பாக்குறதை ஒரு பக்கமா நகர்த்திக் காட்டுற ப்ரிசம் கண்ணாடி போட்டு குடுக்கிற பயிற்சியும் இருக்கு, 1998ல இருந்து ஆராய்ச்சி நடக்குது, அது தெரபிஸ்ட் கையில செய்யறது, நீங்களா ஆன்லைன்ல வாங்காதீங்க.

இதோட கூடவே வர்ற ஒண்ணு, தனக்கு எதுவுமே இல்லன்னு நம்புறது. 1914ல பாபின்ஸ்கிங்கிற டாக்டர் இதுக்கு அனோசாக்னோசியான்னு பேர் வச்சார். கை தூக்க முடியாது, ஆனா "தூக்கிட்டேனே"ம்பாங்க. வாதாடாதீங்க, நிரூபிக்கப் போகாதீங்க, அது அவர் பொய் சொல்றது இல்ல. ஆனா ஒண்ணுமில்லன்னு நம்புறவர் ராத்திரி தானா எழுந்து நடப்பார், கீழ விழுவார், அதனால பக்கத்துல ஆள் படுங்க, கட்டில் உயரத்தைக் குறைங்க.

பேச்சு

பேச்சு பெரும்பாலும் இடது மூளையோட வேலை. 1861ல பால் ப்ரோக்கான்னு பாரிஸ் டாக்டர், "டான்" அப்படிங்கிற ஒரு சத்தத்தைத் தவிர வேற எதுவும் பேச முடியாத நோயாளியோட மூளையை இறந்தப்புறம் பாத்து, இடது ஃப்ரன்டல் பகுதியில சேதத்தைக் காட்டினார். அந்த மாதிரி ஆளுக்கு நாம பேசுறது பெரும்பாலும் புரியும், பதில் சொல்லத்தான் வராது, "தண்ணி... அது... கொண்டா"ன்னு திக்கித் திக்கி வரும், தனக்கு வரலன்னு தெரிஞ்சு அழுவாங்க. 1874ல வெர்னிக்கேன்னு ஜெர்மன் டாக்டர் சொன்னது வேற ரகம், பேச்சு சரளமா வரும், ராகம் கூட சரியா இருக்கும், வார்த்தைதான் மாறி மாறி அர்த்தமில்லாம இருக்கும், நாம சொல்றதும் புரியாது. இவங்களைத்தான் நிறைய வீட்ல மனநிலை சரியில்லன்னு நினைச்சு மந்திரிக்கக் கூட கூட்டிட்டுப் போறாங்க. ரெண்டுக்கும் பொதுப் பேரு அஃபேசியா.

கத்திப் பேசாதீங்க, காது நல்லாத்தான் இருக்கு. டிவியை அணைச்சுட்டு, ஒரு தடவைக்கு ஒரு விஷயம், ஆமா இல்லன்னு பதில் சொல்ற மாதிரி கேளுங்க, "காபியா"ன்னு டம்ளரை தூக்கிக் காட்டி கேளுங்க. கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. வார்த்தையை அவருக்கு முன்னாடி நீங்க முடிச்சு வைக்காதீங்க, அது உதவின்னு நினைக்கிறோம், அவருக்கு வாயைப் பொத்துற மாதிரி இருக்கும். திக்கிப் பேசுறவங்க பல பேருக்கு பாட்டும், ஞாயிறு திங்கள் செவ்வாய்னு வரிசையா சொல்றதும், சின்ன வயசுல மனப்பாடம் பண்ண சாமி பாட்டும் தடையில்லாம வரும், பயப்படாதீங்க, "பாட முடியுது, பேச மட்டும் நடிக்கிறார்"னு சொல்ற சொந்தக்காரங்களை வாயை மூடச் சொல்லுங்க. ஸ்பீச் தெரபிஸ்ட் அந்த ராகத்தை வச்சே பேச்சுக்குக் கூட்டிட்டு வர்ற முறை இருக்கு.

இதே பக்கம் அடிபட்டா அப்ராக்ஸியான்னு ஒண்ணும் வரும். பிரஷ் என்னன்னு தெரியும், கையில பலம் இருக்கு, ஆனா பல் தேய்ங்கன்னா பிரஷை வச்சு தலை சீவுவாங்க. டாட்டா காட்டுங்கன்னு சொன்னா கை வராது, பேரன் கிளம்பும்போது தானா கை ஆடும். இதுக்கு வாயால சொல்லிக் குடுக்கிறதைக் குறைங்க, அவர் கை மேல உங்க கையை வச்சு ஆரம்பிச்சு விடுங்க, தினமும் அதே இடம், அதே வரிசை, ஒரு தடவைக்கு ஒரு பொருள் மட்டும் எதிர்ல.

முகம் தெரியல

டெம்போரல் லோப்போட அடிப்பக்கம், அதுவும் வலது பக்கமோ ரெண்டு பக்கமுமோ அடிபட்டா பெத்த பிள்ளை முகம் கூட அடையாளம் தெரியாது, வாயைத் திறந்து பேசினதும் தெரியும். மறதி நோய்னு முடிவு பண்ணிடாதீங்க. "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்"னு பரீட்சை வைக்கிறது நம்ம ஊர்ல பெரிய வழக்கம், தயவுசெஞ்சு அதை நிறுத்துங்க. உள்ள வரும்போதே "அம்மா, நான்தான் பெரியவன் வந்திருக்கேன்"னு குரல் குடுத்துட்டு வாங்க. பொருள் தெரியலன்னா கையில குடுங்க, பாத்தா சாவின்னு தெரியாதவங்களுக்கு தடவினா தெரியும்.

ஆளே மாறிட்டார்

1848 செப்டம்பர் 13, அமெரிக்காவுல வெர்மான்ட்ல ரயில் பாதைக்கு பாறை வெடிக்கிற வேலையில இருந்த ஃபினியஸ் கேஜ்னு 25 வயசு மேஸ்திரிக்கு ஒரு விபத்து: மூணே முக்காலடிக்கு கொஞ்சம் குறைவான நீளம், கிட்டத்தட்ட 6 கிலோ எடை இருக்கிற இரும்புக் கம்பி அவர் இடது கன்னத்துல புகுந்து மண்டை உச்சி வழியா வெளிய போயிடுச்சு. கொஞ்ச நேரத்துலயே பேசினார், பொழைச்சார். ஆனா பொறுப்பான மேஸ்திரின்னு பேர் எடுத்தவர் கெட்ட வார்த்தையும் பொறுமையில்லாமையுமா ஆயிட்டார், கூட இருந்தவங்க அவர் இப்ப கேஜே இல்லன்னு சொன்னதா அவருக்கு வைத்தியம் பாத்த டாக்டர் ஹார்லோ எழுதி வச்சிருக்கார். இந்தக் கதையோட பாதியைத்தான் எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் அவர் சிலி நாட்டுக்குப் போய் வருஷக்கணக்கா குதிரை வண்டி ஓட்டினார், தினமும் ஒரே மாதிரி வரிசையா நடக்கிற வேலை அவரைத் தேத்தியிருக்கணும்னு சில ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறாங்க. எனக்கும் அதுல நம்பிக்கை உண்டு.

கேஜுக்கு அடிபட்டது மூளையோட முன்பக்கம், அதாவது ஃப்ரன்டல் லோப். அந்த ஃப்ரன்டல் சேதத்துல ரெண்டு முகம் இருக்கு. ஒண்ணு, சோபாவுல உக்காந்தா உக்காந்ததுதான், குளிக்கவும் தோணாது, பசிச்சாலும் கேக்கத் தோணாது. இன்னொண்ணு, நினைச்சதை அப்படியே சொல்றது, கண்ணுல பட்டதை எல்லாம் எடுக்குறது, யார் கேட்டாலும் பணம் குடுக்குறது. முதல் ரகத்துக்கு ஆரம்பிச்சு வைக்க வெளிய இருந்து ஒரு தள்ளு வேணும்: "ஏன் குளிக்கல"ன்னு கேக்காம, ஏழு மணிக்கு போன்ல அலாரம், துண்டை கையில குடுத்து "வாங்க போலாம்". "என்ன சாப்பிடறீங்க"ன்னு கேக்காதீங்க, "இட்லியா தோசையா". ரெண்டாவது ரகத்துக்கு ஏடிஎம் கார்டு, ஓடிபி வர்ற போன், பத்திரம் எல்லாத்தையும் சண்டை இல்லாம மாத்தி வைங்க, கத்தி கத்திரிக்கோல் கண்ணுல படாம வைங்க, அசிங்கமா பேசினா அந்த இடத்துல பதில் சொல்லாம பேச்சை மாத்துங்க. பிள்ளைகளுக்கு தனியா கூப்பிட்டு சொல்லுங்க, தாத்தாவுக்கு பிரேக் பிடிக்கிற இடத்துல அடிபட்டிருக்குன்னு. எங்க பக்கத்து வீட்டு குட்டிப் பையனுக்கு அது பெரியவங்களை விட சீக்கிரம் புரிஞ்சுது.

டாக்டர்கிட்ட திரும்பப் போகும்போது

முதல் மூணு மாசம் முன்னேற்றம் வேகமா இருக்கும், அப்புறம் மெதுவா ஆனா தொடர்ந்து வரும், அதனால தெரபியை சீக்கிரம் ஆரம்பிங்க, பாதியில விடாதீங்க. "நல்லாருக்கார், ஆனா ஒரு மாதிரி இருக்கார்"னு சொன்னா டாக்டருக்கு ஒண்ணும் புரியாது. கோடு அடிச்ச பேப்பர்ல தேதி போட்டு வச்சுக்கிட்டு ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு சேர்த்து எடுத்துட்டுப் போங்க, பேச்சுப் பிரச்சினைன்னா ரெண்டு நிமிஷம் போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க. நியூராலஜிஸ்ட்கிட்ட ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பீச் தெரபி ரெண்டும் வேணுமான்னு வாயைத் திறந்து கேளுங்க. வலிப்பு வந்தாலோ, இருந்த பேச்சு திடீர்னு குறைஞ்சாலோ தேதி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

வண்டி ஓட்டலாமான்னு கண்டிப்பா கேப்பார். எங்க அப்பா நாலாவது மாசம் இருபதுல பதினெட்டு கோடு அடிச்சார், விட்டது ரெண்டும் கீழ இடது மூலை. அன்னிக்கு சந்தோஷத்துல ஸ்கூட்டர் சாவியைக் கேட்டார். அந்தப் பேப்பரை அவர் முன்னாடி வச்சு, விட்டுப்போன ரெண்டு கோட்டையும் சிவப்பு பேனாவால சுத்திக் காட்டி, "இது ரெண்டும் ரோட்டுல ரெண்டு சைக்கிள்பா"ன்னு சொன்னேன். ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தார். சாவியை நான் எங்க வச்சிருக்கேன்னு அப்புறம் கேக்கல.